35 மதிப்பெண்ணின் சாதி

மேற்கு மாம்பலத்தில் அயோத்தியா மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நடந்து பாருங்கள். அடுக்ககங்களின் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கேட்டில் சின்னப் பலகை தொங்கும்: கணக்கு, இயற்பியல், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, சி.பி.எஸ்.இ. மற்றும் ஸ்டேட் போர்டு. உள்ளே ஹாலில் பதினைந்து இருபது பிள்ளைகள். வங்கியிலோ ரயில்வேயிலோ ஏஜீஸ் ஆபீசிலோ ஓய்வு பெற்ற ஒருவர், அல்லது முப்பது ஆண்டு பள்ளியில் கணக்கு நடத்திய ஓர் ஆசிரியை, ஒவ்வொரு நோட்டாக வாங்கிப் பார்க்கிறார். எந்த வரியில் பிசகியது என்று தேடுகிறார். அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இங்க இருந்த மைனஸ் எங்க போச்சு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துகிறது.

கணக்கு என்ற பாடம் மனிதர்களுக்கு வருவது இப்படித்தான். பிசகிய வரியை ஒருவர் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே காட்ட வேண்டும், அவமானப்படுத்தாமல் காட்ட வேண்டும். அந்த வட்டம் தமிழ்நாட்டில் யாருடைய நோட்டில் விழுகிறது, யாருடைய நோட்டில் விழுவதே இல்லை என்று கேட்டுப் பாருங்கள். சாதி எழுந்து நின்று பதில் சொல்லும்.

ஆனால் நாம் அப்படிக் கேட்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் கணக்கில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு, எத்தனை பேர் கோட்டை விட்டார்கள் என்று இரண்டு நாள் பேசுகிறோம். காரணங்களும் ஆண்டுதோறும் அவையேதான். செல்போன் கெடுத்துவிட்டது. 'ஆல் பாஸ்' கெடுத்துவிட்டது. சமச்சீர்க் கல்வி தரத்தைக் குறைத்துவிட்டது. கோட்டாவில் வந்த வாத்தியாருக்கே கணக்குத் தெரியாது. இவையெல்லாம் வழக்கமான 'தகுதி, திறமை'க் கச்சேரி. நமக்குப் பழகிப்போன ராகம். நெஞ்சில் தைப்பது வேறொன்று. "அவங்களுக்குக் கணக்கு தானா வரும், நமக்கு வராதுப்பா" என்று நம் வீட்டுத் தாய் தகப்பனே சொல்வது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். சொல்லும்போது ஓர் ஆறுதல் தொனி வேறு.

'தானா வரும்' என்ற இந்த நம்பிக்கையின் குலதெய்வமாக ஆக்கப்பட்டிருப்பவர் சீனிவாச ராமானுஜன். அவருடைய மேதைமையில் யாருக்கும் ஐயமில்லை, வறுமையும் உண்மை. ஆனால் அவர் கதையில் நமக்குச் சொல்லப்படாமல் விடப்படும் பகுதியைத்தான் நாம் படிக்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார். சென்னை வந்து பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் 'அரியர்' வைத்த மாணவர். 1910இல் திருக்கோவிலூருக்குப் போய், துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி அய்யரிடம் தம் நோட்டைக் காட்டினார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம், பேராசிரியர் சேஷு அய்யர், அடுத்து நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், அவர் கையிலிருந்து மாதந்தோறும் பணம். 1912இல் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரியாக ஒரு கணித ஆர்வலர், நாராயண அய்யர். 1913இல் பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது.

கொடுத்தது சரி. கொடுக்காமல் விட்டிருந்தால் உலகத்துக்கே இழப்பு. என் கேள்வி வேறு. அவர் தோற்றபோது அவரைச் சுற்றியிருந்தவர்கள் தேர்வைக் குறை சொன்னார்கள். நம் பிள்ளை தோற்றால் பிள்ளையைக் குறை சொல்கிறார்கள். எஃப்.ஏ.யில் தோற்ற ஒரு பறையர் வீட்டுப் பையன் அதே 1910இல் அதே திருக்கோவிலூரில் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு துணை ஆட்சியர் வீட்டு வாசலுக்குப் போயிருக்க முடியுமா? போகட்டும், அந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்க முடியுமா? விதியைத் தளர்த்தினால் தரம் கெட்டுவிடும் என்று இட ஒதுக்கீட்டைப் பார்த்து அலறுகிறவர்கள், தங்கள் பெருமைக்குரிய மேதை விதியைத் தளர்த்தியதால் கிடைத்தவர் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் கணக்குக் காற்றில் மிதக்கவில்லை. மூன்று நான்கு தலைமுறையாகக் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் அங்கே உண்டு. தாத்தா லெட்ஜர் பார்த்தவர், அப்பா வங்கியில் டெல்லர், அத்தை பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளை சந்தேகம் கேட்க வீட்டைவிட்டு வெளியே போகத் தேவையில்லை; போனாலும் பக்கத்துத் தெருதான். இது மூளையின் சிறப்பு என்றால், பார்ப்பனர் வீட்டில் பிறந்து கணக்கில் தோற்கும் பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? அங்கேயும் தோற்கிறார்கள். தோற்றதும் டியூஷன் மாற்றுகிறார்கள், நேரத்தைக் கூட்டுகிறார்கள், அடுத்த தேர்வுக்குள் தூக்கி நிறுத்துகிறார்கள். இடைநிலைச் சாதிகளில் கையில் காசு வந்த வீடுகளும் இப்போது அதையே செய்கின்றன, பயன் பெறுகின்றன. காசும் நேரமும் ஆளும் போட்டால் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கணக்கு வரும் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் ஐ.ஐ.டி. மெட்ராஸைப் பற்றி 2019இல் எழுதிய நூலில் ஒரு வேடிக்கையான பிரிவினையைப் பதிவு செய்கிறார். அங்கே மாணவர்கள் 'இயல்பான அறிவாளி', 'பயிற்சி மையத்தில் தேறியவன்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசப்படுகிறார்கள். பயிற்சி எடுத்து வந்தவன் மட்டமாம். பிறந்த நாளிலிருந்து வீட்டிலேயே பயிற்சி எடுத்தவனுக்குப் பெயர் மட்டும் இயல்பான அறிவாளி.

சரி, கணக்கு ஏன் இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது? வரலாற்றில் சோழர் பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை பாண்டியர் பாடத்தைப் படித்துவிடலாம். கணக்கில் அது நடக்காது. அது ஏணி. ஒரு படி உடைந்தால் அதற்கு மேலுள்ள படிகள் எல்லாம் இருந்தும் இல்லாதவைதான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் முக்காலையும் ஐந்தில் இரண்டு பங்கையும் கூட்டச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 3/4 + 2/5 = 5/9 என்று எழுதும். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே. இதில் மூளைக் குறைவு எங்கே இருக்கிறது? முழு எண்களைக் கூட்டக் கற்ற முறையை அப்படியே பின்னத்துக்கும் நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அறிவுள்ள பிழை அது. முக்காலே அரைக்கு மேல். அதோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு கிடைப்பது அரையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால், இருந்த முக்காலை விடவும் குறைந்துபோகிறதே என்று ஒரே ஒருவர் ஒரே ஒருமுறை ஒரு தோசையைப் பிய்த்துக் காட்டியிருந்தால் போதும். யாரும் காட்டவில்லை. ஐந்தாம் வகுப்பில் காட்டவில்லை, ஆறில் காட்டவில்லை. எட்டாம் வகுப்பில் அதே பின்னத்தில் எக்ஸும் ஒய்யும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவையை வகுக்கச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு 432ஐ 6ஆல் வகுக்கவே வராது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் இயலைத் திறந்தால் யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம்! நான்காம் வகுப்பில் விட்டுப்போன வகுத்தல், தேற்றம் என்று பெயர் சூட்டிக்கொண்டு திரும்ப வந்து நிற்கிறது.

இது கற்பனை இல்லை. 2023ஆம் ஆண்டின் அசர் ஆய்வு நாட்டின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுள்ள பிள்ளைகளைச் சோதித்தது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43.3 விழுக்காடு மட்டுமே. 'அது வடநாட்டுக் கணக்கு' என்று நாம் தப்பிக்க முடியாது. பன்னாட்டு பிசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன; முடிவு 2011 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டின் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் கணக்கில் அடிப்படை மட்டத்தைத் தொட்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. எழுதியவர்களில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டியலில் கிட்டத்தட்ட அடியில் நின்றோம். இந்திய அரசு என்ன செய்தது தெரியுமா? கேள்வித்தாள் நமக்கு ஒத்துவராது என்று சொல்லி அடுத்த சுற்றுக்கே போகாமல் நின்றுகொண்டது.

ஏணியில் படி உடைவது எல்லார் வீட்டிலும் நடக்கும். அம்மை வந்தால் உடையும், வாத்தியார் மாறினால் உடையும். உடைந்த படியைச் சரிசெய்ய ஆள் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. அதோடு, சிலருக்குப் படிகளை அரசே உடைக்கிறது.

மேற்கு மாம்பலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அடையாற்றங்கரை. ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கரையோரக் குடிசைகளில் இருந்த மக்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில். அரையாண்டுத் தேர்வுக்கும் முழு ஆண்டுத் தேர்வுக்கும் இடையில் ஒரு பிள்ளையின் பள்ளி காணாமல் போகிறது. தமிழ்ப் பாடம் விட்டதைப் பிடித்துவிடும். பின்னம் பிடிக்காது. அந்தப் பிள்ளையின் தாய் மேற்கு மாம்பலத்தில் வீட்டு வேலை செய்பவராக இருந்தால், விடியுமுன் பேருந்தைப் பிடித்து வந்து அதே டியூஷன் ஹாலைத் துடைத்துவிட்டுப் போவார். அங்கே ஒரு பாடத்துக்கு வாங்கும் மாதக் கட்டணம், பல இடங்களில் அவருக்கு ஒரு வீட்டில் கிடைக்கும் மாதச் சம்பளத்தை நெருங்கிவிடும். அவர் திரும்பி வரும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது யார்? கணக்கு வராத அந்த மூத்த பெண்தான்.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதம். மூடும்போது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை நான்காம் வகுப்பை முழுதாகவும் ஐந்தாம் வகுப்பில் பாதியையும் இழந்தது. வகுத்தலும் பின்னமும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைதான் 2026-27இல் பத்தாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உண்மை. ஆனால் எந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும் பிள்ளையின் சிலேட்டைப் பார்த்து வட்டம் போடாது. அதே பத்தொன்பது மாதத்தில் மடிக்கணினியும் தனி அறையும் உள்ள வீடுகளில் டியூஷன் ஜூமுக்கு மாறி, ஒருநாள்கூட நிற்காமல் நடந்தது.

ஊர்ப்புறத்தில் இன்னொரு கதை. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் மீதி ஒருவர் ஐந்து வகுப்பின் கணக்கையும் நடத்த வேண்டும். எந்தச் சிலேட்டை அவர் பார்ப்பார்?

இவ்வளவுக்குப் பிறகும் நம் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்வது பொய். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடை பார்க்கும் சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எண்ணூறு கிராம் இது, ஒன்றே கால் கிலோ அது என்று வாங்கி நோட்டை நீட்டினால், பேனா இல்லாமல் நொடியில் சில்லறை கொடுக்கும் பிள்ளைகள், அதே கணக்கைப் பள்ளிக்கூட முறையில் தாளில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ரங்கநாதன் தெரு வாசலில் ஹேர்பின் விற்கும் பையனிடம் போய் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தெருவில் ஓடும் அந்தக் கணக்கைத் தாளுக்குக் கொண்டுவர ஒரு பாலம் வேண்டும். அதைப் போடுவதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. நம் பள்ளிக்கூடம் பாலம் போடாமல் சுங்கச்சாவடி போட்டிருக்கிறது.

அவமானத்தின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச ஊரகத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்வழிச் சிக்கல்களைக் கொடுத்தார்கள். தீர்த்தால் பணம். சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்காதபோது 'உயர்' சாதிச் சிறுவர்களுக்கும் 'தாழ்ந்த' சாதிச் சிறுவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அடுத்து, ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே போன்ற புதிர்களைக் கொடுத்தார்கள். உடனே பெரிய இடைவெளி விழுந்தது. பிள்ளைகளும் புதிரும் பணமும் முன்பு இருந்தவைதான். சாதியைச் சொல்லி அழைத்தது மட்டுமே புதிது. ஒரு வாசிப்புக்கே இந்தக் கதி என்றால், உதவித்தொகைப் படிவத்தைக் காட்டி "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஆண்டுதோறும் கேட்கும் வகுப்பறையில், கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடக் கை தூக்கும் துணிவு எங்கிருந்து வரும்? தப்பாகப் போட்டால் தனக்கு மட்டுமா கெட்ட பெயர், தன் தெருவுக்கே கெட்ட பெயர். கை தூக்காத பிள்ளைக்கு வட்டம் விழாது. வட்டம் விழாத பிள்ளைக்குக் கணக்கு வராது.

கணக்கை ஒருசிலர் கையில் வைத்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனப்பாடம் செய்து முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்களைக் கையாண்ட மரபைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூல் அந்த மரபை விரிவாக ஆராய்கிறது. அந்தத் திண்ணையில் ஏற யாருக்கு அனுமதி இருந்தது? வயலை அளக்கக் கோலும் கயிறும் பிடித்து வெயிலில் நின்றவர் வெட்டியானும் தோட்டியும். அளந்ததை ஓலையில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. விளைச்சல் எவ்வளவு, வாரம் எவ்வளவு, கூலி எத்தனை மரக்கால் என்பதெல்லாம் அந்த ஓலையில்தான். உழைத்தவருக்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது, தெரியவிடவில்லை. பரம்பரைப் பரம்பரையாகக் கைமாறிய அந்தக் கர்ணம் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஓலை கைமாறியது. ஓலையைப் படிக்கும் கல்வி கைமாறியதா?

இங்கேதான் நம் வீட்டுக்குள் பேச வேண்டிய பேச்சு வருகிறது. தமிழ்நாட்டின் தேர்ச்சி விழுக்காட்டை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பெண்கள் படிக்கிறார்கள், உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டுக்கே முன்னோடி, எல்லாம் உண்மை. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுந்த நகருக்குப் பெயர் தந்த தியாகராயர், 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சோறு போட்டுத் தொடங்கிய பயணம் இது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவனோடு நான் சண்டைக்கு நிற்பேன். ஆனால் அந்த விழுக்காட்டின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க மறுப்பது இயக்கம் ஆகாது.

நடப்பது இது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 100 மதிப்பெண். தேற 35. வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8, ஆக 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பெரும்பாலும் பாடநூலின் பயிற்சியில் உள்ளவை. கூட்டினால் 30. இன்னும் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு போதும். எனவே அரையாண்டுக்குப் பிறகு வகுப்பைப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கம் நன்றாகப் படிப்பவர்கள். இன்னொரு பக்கம் 'மெல்லக் கற்போர்'. இன்னும் கவித்துவமாக 'மெல்ல மலரும் மாணவர்கள்'. இவர்கள் கையில் ஒரு மெல்லிய கையேடு. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது எப்படி, வரைபடத்தாளில் புள்ளிகளை எங்கே வைப்பது, ஒரு மதிப்பெண் விடைகள் என்னென்ன என்று உருப்போட வைக்கிறார்கள். எக்ஸின் வர்க்கம் என்றால் என்னவென்று தெரியாமலே பரவளையம் வரைந்து எட்டு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளை நம் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் உருவாக்குகின்றன. பிள்ளை தேறிவிடுகிறது, பள்ளி தேறிவிடுகிறது, மாவட்டம் தேறிவிடுகிறது.

ஆசிரியர்களைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. ஐந்து ஆண்டு பாக்கியை மூன்று மாதத்தில் அடைக்கச் சொன்னால் யாராலும் முடியாது. தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றால் எந்த ஆசிரியரும் கையேட்டைத்தான் எடுப்பார். தனியாரில் இதுவும் இல்லை. 'நூறு விழுக்காடு தேர்ச்சி' பேனருக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி.யைக் கொடுத்து அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பள்ளிகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனாலும் அந்தக் கையேட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு 1953தான் நினைவுக்கு வருகிறது. ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் ஊரகப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதற்குப் பெயர் வைத்தார், தமிழ்நாடு கொதித்தது, 1954இல் காமராசர் அரசு அதைக் கைவிட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பசுல்லா சாலையில் ராஜாஜி பிற்காலத்தில் வாழ்ந்த வீட்டைக் கடந்து போகிற தோழர்கள் இன்றும் அந்த வெற்றியைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று குறைத்தது நேரத்தை. கையேடு குறைப்பது பாடத்தை. உனக்கு வரைபடம் போதும், இயற்கணிதம் வேண்டாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, உனக்கு மூன்று மணி நேரம் போதும் என்று சொன்னதிலிருந்து எந்த வகையில் மாறுபட்டது? அன்று எதிரி சொன்னார், எதிர்த்தோம். இன்று நம் ஆட்சிகளே, மாறி மாறி, அன்போடு சொல்கின்றன. கைதட்டுகிறோம்.

முப்பத்தைந்தோடு தேறிய பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்குக் குரூப் கிடைக்காது. பொறியியல் அங்கேயே முடிந்தது. சரி, அரசு வேலைக்குப் போகலாம் என்று குரூப் 4 எழுதினால் 200 வினாவில் 25 திறனறிவுக் கணக்கு. வட்டி, விகிதம், சராசரி. எல்லாம் ஆறு ஏழாம் வகுப்புப் பாடம், எல்லாம் கையேடு தாண்டிப்போன பாடம். ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் பின்தள்ளப்படும் தேர்வில் 25ஐ விட்டுவிட்டு யார் வெல்வது? இட ஒதுக்கீடு வாங்கிக் கொடுத்த இடத்துக்குப் போகும் வழியில் பின்னம் குறுக்கே படுத்திருக்கிறது.

'கணக்கே பார்ப்பனப் பாடம், நம் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சித்திரவதை' என்று சில தோழர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். புரட்சிகரமாகத்தான் ஒலிக்கிறது. கர்ணம் காதில் விழுந்தால் மகிழ்ந்திருப்பார். அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியபோது நாணய மாற்று விகிதங்களையும் விலைவாசிப் புள்ளிவிவரங்களையும் யாரிடமும் இரவல் கேட்கவில்லை; தாமே போட்டுப் பார்த்தார். இங்கே அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யில் கணிதத் துறையில் இருந்துகொண்டே இட ஒதுக்கீட்டுக்காகப் பல ஆண்டு போராடியவர் வசந்தா கந்தசாமி. 2006இல் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அரியலூர் அனிதாவை நீட் கொன்ற பெண் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அவர் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வாங்கியது 200க்கு 200.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளைப் பார்க்கிறது. 2025இல் வந்த 'திறன்' திட்டம் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே எடுத்து அடிப்படையைக் கற்பிக்கிறது. இரண்டும் வேண்டியவை, சிக்கல் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம். ஆனால் திறன் ஒன்பதோடு நிற்கிறது. பத்தாம் வகுப்பு வாசலில் மறுபடியும் கையேடு நிற்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது முதல் கோரிக்கை. விவரம் ஏற்றும் வேலைக்குத் தனி ஆள் போட்டுவிட்டு ஆசிரியரைக் கரும்பலகைக்கு விடுங்கள். குடிசைகளை அகற்றினால் பள்ளி ஆண்டு முடியும்வரை ஒரு பிள்ளையையும் இடம் மாற்றக் கூடாது. தேர்ச்சி விழுக்காட்டோடு, ஒவ்வொரு பள்ளியிலும் வகுத்தலும் பின்னமும் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுக்காட்டையும் வெளியிடுங்கள். சமூகப் பிரிவு வாரியாக வெளியிடுங்கள். மாவட்டங்களுக்கு இடையே போட்டி வைத்துக் கொண்டாடுவதானால் அதை வைத்துக் கொண்டாடுங்கள்.

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் நம் தெருப் பெற்றோர் போய் உட்கார்ந்து, கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் கேட்டு முடித்ததும், "எங்க பசங்கள்ல வகுத்தல் வராதவங்க எத்தனை பேரு, அவங்களுக்கு யாரு, எந்த நேரத்துல சொல்லித் தரப் போறீங்க?" என்று கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.

அம்பேத்கர், பெரியார் பெயரில் மாலைநேரப் பாடசாலை நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில் பத்தாம் வகுப்பைக் கூட்டிவைத்து வரைபடம் போடப் பழக்குவதை இந்த ஆண்டு குறைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதமே ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒருவர், வாரம் நான்கு மாலை. நோட்டை வாங்குங்கள், பிசகிய வரியைத் தேடுங்கள். 3/4 + 2/5 = 5/9 என்று எழுதியிருந்தால் சிரிக்காதீர்கள்; பக்கத்துக் கடையில் இரண்டு தோசை வாங்கி வரச் சொல்லுங்கள்.